அதிரீனற் கட்டியும் சிறுதுளைச் சத்திரசிகிச்சையும்

சிறுநீரகம் ஒவ்வொன்றின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல அமர்ந்திருப்பது அதிரீனற் சுரப்பி. நிறை நாலைந்து கிராமே. ஆயினும் அது சுரக்கும் ஓமோன்களின்றி உயிர் தரியாது. அதிலே தோன்றுங் கட்டிகளுட் பல தீங்கற்றவை, அவற்றைத் தொடவேண்டுவதில்லை. ஓமோனை மிகையாகச் சுரப்பனவும், புற்றென ஐயுறத்தக்கனவுமே அகற்றற்குரியன.

இச்சுரப்பியின் இருப்பிடமோ மிக ஆழமானது. முன்னே ஈரலும் குடலும் மண்ணீரலும் மறைக்கும். பின்னே விலாவென்பு தடுக்கும். ஆதலின் ஓரங்குலக் கட்டியை எடுப்பதற்கும் வயிற்றை நீளக் கீறவேண்டியிருந்தது. அப்பெருங்கீறல் கட்டியின் பொருட்டன்று. அதனை அடையும் வழியின் பொருட்டேயாம்.

1992 ஆம் ஆண்டிலே, கனடா நாட்டு மொன்றியல் நகரத்து மிசேல் கான்யே என்னும் சத்திரவைத்தியரும் உடனுழைத்தோரும் புதுவழியொன்றை வெளியிட்டனர். மூன்று நான்கு சிறுதுளைகள் இடப்படும். காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி வயிற்றறையை விரித்து, ஒரு துளையால் விளக்கும் ஒளிப்படக்கருவியும், ஏனையவற்றால் ஆயுதங்களும் புகுத்தப்படும். வைத்தியர் திரையை நோக்கியே தொழில் புரிவார். வேறாக்கிய சுரப்பி, உயிர்க்கலங்கள் சிந்தாவண்ணம் சிறு பையிலிட்டு வெளியே எடுக்கப்படும். (ஆங்கிலத்தார் இதனைத் 'திறப்புத் துவாரச்' சிகிச்சை என்பர். பூட்டுமில்லை, திறப்புமில்லை, சிறுதுளை என்பதே நம்மொழிக்கு இயைவது.)

வலப்பக்கமே கடினமானது. இடச்சுரப்பியின் நாளம் நீண்டு சிறுநீரக நாளத்தைச் சேரும். வலச்சுரப்பியினதோ மிகக் குறுகி நேரே கீழ்ப் பெருநாளத்திற் கலக்கும். அது கிழியுமாயின் குருதி பெருகும்.

அதிரினலீனைச் சுரக்கும் பியோகுரோமோசைற்றோமா என்னுங் கட்டியிடத்து வேறோர் அபாயமுண்டு. கருவி பட்ட மாத்திரத்தே ஓமோன் குருதியிற் பாய, குருதியமுக்கம் திடீரென உயரும். நாளத்தை அடைத்தபின் சடுதியாய்த் தாழவுங் கூடும். 1926 இல் அமெரிக்காவிலே சாள்ஸ் மேயோ இத்தகைய கட்டியை அகற்றியபோது அதன் இயல்பை முன்னறிந்திலர். நோயாளி பிழைத்தமை வியப்பே. இக்காலத்தே ஒன்றிரண்டு கிழமை முன்னதாகவே குருதிக்கலன்களைத் தளர்த்தும் மருந்து கொடுக்கப்படுகின்றது. துளை சிறிதென்பதால் ஆயத்தமுஞ் சிறிதாகலாமென எண்ணுதல் பெருந்தவறு.

புற்று அயலுறுப்புகளிற் பரவியிருப்பின் பழைய பெருங்கீறலே தக்கது. இடைநடுவில் அதற்கு மாறுதல் வைத்தியரின் தோல்வியன்று.

ஒரு சுரப்பி போயின் மற்றையது பணியாற்றும். கோட்டிசோலை மிகையாய்ச் சுரந்த கட்டியாயின், எஞ்சிய சுரப்பி உறங்கிக் கிடந்து விழித்தெழப் பல மாதங்கள் செல்லலாம். அதுவரை மருந்து வேண்டும். இரண்டையும் இழந்தோர் அம்மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ளல் வேண்டும்.