அடை வைக்கும் முன்பே தொடங்கும் வளர்ச்சி

வீட்டில் நாலு பெட்டைக்கோழி வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. பன்னிரண்டு முட்டைகளை அடை வைக்கிறார்கள். இருபத்தோரு நாள் கோழி நகராமல் உட்காருகிறது. கடைசியில் ஐந்தோ ஆறோ குஞ்சுகள்தான் வெளியே வருகின்றன, மிச்சமெல்லாம் கூமுட்டை. தை, மாசியில் பன்னிரண்டுக்குப் பத்து பொரித்த அதே கோழி, சித்திரை, வைகாசியில் பாதிக்குப் பாதி கெடுத்துவிடுகிறது. சேவலுக்கு வீரியம் குறைந்துவிட்டது என்று சேவலைச் சந்தைக்குக் கொண்டு போகிறவர்கள் உண்டு. இடி இடித்ததால் முட்டை கெட்டது என்பவர்களும், அதற்காகவே அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பும் போட்டு வைப்பவர்களும் உண்டு. கரியும் இரும்பும் கெடுதல் செய்யாது, உதவியும் செய்யாது. கோடைக் கூமுட்டைகளில் பலவற்றின் கதை அடை வைக்கும் முன்பே, முட்டை வீட்டில் காத்திருந்த நாட்களிலேயே முடிந்துவிடுகிறது.

இது புரிய, முட்டைக்குள் கரு எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். மஞ்சள் கரு, வெள்ளைக் கரு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இரண்டும் கரு அல்ல. மஞ்சள், குஞ்சு வளரத் தாய் கட்டிக் கொடுத்த சோறு. வெள்ளை, தண்ணீரும் புரதமும் கலந்த மெத்தை. மஞ்சளின் மேல்புறத்தில் மிளகைவிடச் சிறியதாக ஒரு வெண்புள்ளி தெரியும். அதுதான் கரு. முட்டையை எந்தப் பக்கம் புரட்டினாலும் மஞ்சள் உள்ளே மெல்லச் சுழன்று, இந்தப் புள்ளி மேலே வந்து நிற்கும். அடைக்கோழியின் வயிற்றுச் சூட்டுக்கு அருகில் கரு இருக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது.

சேவல் சேர்ந்த முட்டையில், கோழி இடும்போதே இந்தப் புள்ளிக்கு வயது ஒரு நாள். மஞ்சள் உருண்டை சினைப்பையிலிருந்து கழன்று கருக்குழாய்க்குள் விழுந்த சிறிது நேரத்தில் கரு கூடிவிடுகிறது. அதன்பின் வெள்ளை சேர்ந்து, சவ்வு சேர்ந்து, ஓடு கட்டி முட்டை வெளியே வர ஏறக்குறைய 24 முதல் 26 மணி நேரம் ஆகும். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி சென்டிகிரேட். அந்தச் சூட்டில் ஓர் உயிரணு இரண்டாகி, நாலாகி, எட்டாகி, கூண்டில் முட்டை விழும் வேளையில் பல்லாயிரம் உயிரணுக்கள் கொண்ட மெல்லிய தட்டாக வளர்ந்திருக்கும். ஆகவே நாம் கையில் எடுப்பது வளரத் தொடங்கி, வெளியே வந்து சூடு தணிந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும் உயிர்.

இந்தக் காத்திருப்பு விவசாயிகளுக்குத் தெரியாததல்ல. விதைநெல்லும் இதைத்தான் செய்கிறது. ஓர் அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒரு முனையில் கடித்து எடுத்ததுபோல் சிறு பள்ளம் இருக்கும். நெல்லின் கரு இருந்த இடம் அது; ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு போய்விட்டது. நிலக்கடலைப் பருப்பை இரண்டாகப் பிளந்தால் ஒரு முனையில் மூக்குப்போல் ஒட்டியிருப்பது அதன் கரு. மற்றதெல்லாம் அதற்குக் கட்டிக் கொடுத்த சோறு. ஆனால் காத்திருக்கும் விதத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. விதை காய்ந்து காத்திருக்கிறது. அதனால்தான் நெல் விதையை ஈரப்பதம் 13 சதத்துக்கு மேல் போகாமலும், நிலக்கடலையை 9 சதத்துக்கு மேல் போகாமலும் காயவைத்துக் கட்டச் சொல்கிறார்கள். முட்டை காய முடியாது. அதற்குள் இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர். அது குளிர்ந்து மட்டுமே காத்திருக்க முடியும்.

பாதி தொடங்கிய வளர்ச்சியின் விளைவு என்ன என்பதையும் விதையே காட்டுகிறது. அறுவடைச் சமயம் மழை பிடித்துக்கொண்டால் கொத்துக்கடலை செடியிலேயே முளைத்துவிடும். அதை எடுத்துக் காயவைத்து விதைக்கு வைத்தால் பயன்படாது. முளை வெளியே வந்த நெல்லைத் திரும்பக் காயவைத்து மூட்டை கட்டுவாரும் இல்லை. ஒருமுறை கிளம்பிய கரு, பழைய உறக்கத்துக்குத் திரும்புவதில்லை.

முட்டையில் இதே தவறு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஏறக்குறைய 20, 21 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கரு அசையாமல் காத்திருக்கும். ஒழுங்காக வளர அதற்கு வேண்டிய சூடு 37.5 டிகிரியை ஒட்டியது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வெப்பம் ஆபத்தானது. கோடையில் ஓட்டு வீட்டுப் பரணிலோ, அடுப்படி மாடத்திலோ இரவும் பகலும் 30, 32 டிகிரி நிற்கிறது. அந்த அரைச்சூட்டில் கரு வளரவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல், தாறுமாறாகக் கொஞ்சம் கொஞ்சம் வளர்ந்து சோர்ந்துவிடும். ஆறேழு நாள் இப்படிக் கிடந்த முட்டையை எவ்வளவு நல்ல அடைக்கோழியின் கீழே வைத்தாலும், இரண்டு மூன்று நாளில் கரு செத்துப்போக வாய்ப்பு அதிகம். முட்டையிட வரும் கோழி, கூண்டில் கிடக்கும் பழைய முட்டைகள்மேல் அரை மணி உட்கார்ந்து போகிறதே, அது கெடுதல் இல்லையா என்று கேட்கலாம். இல்லை. அந்தச் சிறிது நேரச் சூட்டைக் கரு தாங்கிக்கொள்ளும். விடாமல் நிற்கும் அரைச்சூடுதான் கெடுக்கிறது.

ஆகவே கோடையில் முட்டை சேர்க்கும் முறையை மாற்ற வேண்டும். அகன்ற மண்தொட்டியில் பாதிக்கு ஆற்று மணல் நிரப்பி நன்றாக நனைத்து, நிழலும் காற்றும் உள்ள மூலையில் வைக்க வேண்டும். மணல்மேல் ஒரு சிறு மண்சட்டியை வைத்து, அதில் உமி பரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை நிறுத்தி, மேலே ஈரத்துணி கட்டலாம். துணி முட்டைமேல் படக்கூடாது. காலையிலும் மாலையிலும் மணலில் தண்ணீர் தெளித்தால் வெளிச்சூட்டைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். குளிர்பெட்டி உள்ள வீடுகளில் அதில் வைத்துவிடலாமே என்று தோன்றும். அந்தக் குளிர் அடை முட்டைக்கு அதிகம். அழுக்கு முட்டையைத் தண்ணீரில் கழுவவும் கூடாது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றை மூடியிருக்கும் மெல்லிய பூச்சு கழுவும்போது போய்விட, கிருமி உள்ளே இறங்கும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். மிகவும் அழுக்கானதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதி வைப்பது நல்லது. ஏழு நாளுக்குள் இட்ட முட்டைகளே அடைக்கு ஏற்றவை. அதற்குமேல் வைக்கும் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறையும். இரண்டு வாரம் தாண்டியதை அடைக்கூடையில் வைப்பது கோழியின் உழைப்பை வீணாக்குவதே. பத்து முட்டைக்கு மூன்று குறைகிறது என்றால் பக்கத்து வீட்டில் புது முட்டை கேட்டு வாங்கி வைக்கலாம். தன் வீட்டுப் பழைய முட்டையைச் சேர்க்க வேண்டாம்.

அடை வைத்தபின் உள்ளே நடப்பது வேகமான காரியம். இரண்டாம் நாள் முடியுமுன் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். அப்போது குஞ்சுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அடை முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்து, வெள்ளையில் துடிக்கும் ரத்தப்பொட்டு ஒன்றை எழுதி வைத்தார். அது இந்த இதயமே. மூன்று, நாலு நாளில் ரத்தக்குழாய்கள் மஞ்சளின்மேல் வேர்போல் பரவி, அங்கிருந்து உணவை எடுத்துக் கருவுக்குக் கொண்டுபோகின்றன. பிறகு ஓட்டின் உட்புறமெங்கும் ஒரு சவ்வு விரிந்து, நுண்துளைகள் வழியே காற்றை வாங்குகிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பில் பெரும்பகுதியும் ஓட்டிலிருந்தே போகிறது. இந்நாட்களில் கோழி அலகால் முட்டைகளை அடிக்கடி புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். இரை எடுக்கக் கோழி கால் மணி நேரம் எழுந்துபோவதால் கெடுதல் இல்லை. தீனியும் தண்ணீரும் கூடைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஏழாம் நாள் இரவு, கோழியை மெதுவாக எடுத்துவிட்டு முட்டைகளைச் சோதிக்க வேண்டும். டார்ச் விளக்கின் முகப்பில் கெட்டி அட்டையைச் சுருட்டிப் பொருத்தி, முட்டையின் அகன்ற முனையை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். நடுவில் கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக்கால்போல் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கிச் செத்திருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால், சேவல் சேராத முட்டை, அல்லது கரு மிக ஆரம்பத்திலேயே போன முட்டை.

சேவலின்மேல் குற்றம் உண்டா என்பதற்கு இங்கேதான் விடை இருக்கிறது. எடுத்துப்போட்டதில் பாதிக்குமேல் ரத்த வளையம் என்றால் சேவல் தன் வேலையைச் செய்திருக்கிறது; முட்டை காத்திருந்த இடமும் நாட்களுமே சரியில்லை. எல்லாம் தெளிவாக இருந்தால், அன்றே இட்ட முட்டைகள் இரண்டு மூன்றைச் சமையலுக்கு உடைக்கும்போது வெண்புள்ளியைப் பார்க்க வேண்டும். கரு கூடிய முட்டையில் அது விளிம்பு சுத்தமான வட்டமாக, நடு வெளிறி, சுற்றிலும் வெள்ளை வளையத்தோடு இருக்கும். கூடாததில் சிறிய, கெட்டியான, ஒழுங்கற்ற பொட்டாக இருக்கும். பார்த்ததெல்லாம் பொட்டாகவே இருந்தால் மட்டும் சேவலை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். அப்படி மாற்றினாலும் பழைய சேவலின் விந்து கோழியின் உடலில் பத்து, பன்னிரண்டு நாள்வரை தங்கி வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம். புதுச் சேவலின் வம்சம் வேண்டுமானால் மூன்று வாரம் கழித்து முட்டை சேர்ப்பதே உத்தமம்.

இரண்டாம் வாரத்தில் கரு சாவது குறைவு. அந்த வாரத்தில் பல முட்டைகள் கெட்டால் தாய்க்கோழியின் தீனியைக் கவனிக்க வேண்டும். வெறும் நொய்யும் தானியமும் தின்று கட்டிக் கிடக்கும் கோழியின் முட்டையில் ரிபோஃபிளேவின் எனும் வைட்டமின் போதாது. மேய விட்டாலோ, கீரையும் குதிரைமசாலும் நறுக்கிப் போட்டாலோ இது தீரும்.

கடைசி மூன்று நாட்கள் மறுபடியும் ஆபத்தானவை. மீதமுள்ள மஞ்சளைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நீட்டி முதல் மூச்சு விடுகிறது. அப்போது காதருகே வைத்தால் கீச்சொலி கேட்கும். பிறகு அலகு நுனியிலுள்ள சிறு கொம்பால் ஓட்டைக் கீறுகிறது. கீறல் விழுந்தும் பல மணி நேரம் குஞ்சு வெளியே வராததைக் கண்டு, பாவமென்று ஓட்டை உரித்துவிடும் வழக்கம் உண்டு. அது கூடாது. சவ்விலுள்ள ரத்தம் அப்போது குஞ்சின் உடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். மஞ்சள் முழுதும் உள்ளே போயிருக்காது. உரித்தால் ரத்தம் கசிந்து, தொப்புள் மூடாமல் குஞ்சு சாகும். வெளியே வந்த குஞ்சுகள் ஒன்றிரண்டு நாள் வயிற்று மஞ்சளிலேயே தாங்கும் என்பதால், பிந்திய முட்டைகள் பொரிக்கும்வரை தாயைக் கிளப்பாமல் விடலாம்.

இருபத்திரண்டாம் நாள் கழிந்தும் கிடக்கும் முட்டைகளைக் குப்பைக்குழியில் போடுமுன், ஓட்டிலுள்ள பென்சில் தேதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். எத்தனை நாள் காத்திருந்த முட்டைகள் கெட்டன என்பது அதில் எழுதியிருக்கும்.