வாயசைவும் குரலும் ஒட்டவில்லையா?

எடிட்டிங்கில் சரியாக இருந்த வீடியோ, எக்ஸ்போர்ட் செய்ததும் பிசகுகிறதா?

• முதலில் ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வேறொரு பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். ப்ளூடூத்தே ஒலியைத் தாமதப்படுத்தும்.

• தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகலா? ஆடியோவை மட்டும் நகர்த்தினால் போதும்.

• போகப் போக விலகல் கூடுகிறதா? ஃபிரேம் ரேட்டைக் கவனியுங்கள். செல்போன்கள் பெரும்பாலும் ஏறி இறங்கும் ஃபிரேம் ரேட்டில் பதிவு செய்கின்றன. ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ கொடுத்து மாற்றிய பிறகு எடிட் செய்யுங்கள்.

• 29.97 ஃபிரேம் காட்சி 30 ஃபிரேம் வேகத்தில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் சுமார் 3.6 விநாடி விலகிவிடும். பிராஜெக்ட், எக்ஸ்போர்ட் இரண்டிலும் ஒரே எண் இருக்கட்டும்.

• படப்பிடிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா முன் கை தட்டுங்கள். ஒலியைப் பொருத்துவது எளிதாகும்.