கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் கவனத்திற்கு

பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளுக்குப் புறப்படுமுன், சிக்கனமாய்ச் செலவிட உத்தேசித்துள்ள அன்பர்கள் பின்வரும் விஷயங்களை மனத்திற் கொள்ளுதல் நலம்.

● என்விடியா நிறுவனம் தன் பெயரிலேயே விற்கும் ‘பவுண்டர்ஸ் எடிஷன்’ கார்டுகள் உயர்தர வகைகளிலேயே பெரும்பாலும் கிடைப்பன. 2023-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்கு அது கிடையாது. ஆதலின் அத்தகைய கார்டை வாங்குவோர் அசூஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஜோடாக் முதலிய கூட்டு நிறுவனங்களின் தயாரிப்புகளுக்குள்ளேயே தேர்ந்துகொள்ள வேண்டும்.

● ஒரே மாடலை யார் தயாரித்தாலும் உள்ளிருக்கும் சிப் ஒன்றேயாதலால், ‘ஓவர்கிளாக்’ என்ற விசேஷணத்தினால் பெறும் வேகம் சொற்பமே. அதற்கும் வர்ண விளக்குகளுக்கும் கொடுக்கும் அதிகப் பணத்தைச் சேமித்தால், அடுத்த படியிலுள்ள சிப்பையே வாங்கும் சௌகரியம் சிலவேளை வாய்க்கும்.

● ஒற்றை ‘புளோயர்’ விசிறியுடையது உஷ்ணக் காற்றைப் பின்புறமாய் வெளியேற்றுவதால் இடுக்கமான கேபினெட்டுக்கு ஏற்றதெனினும், இரைச்சல் அதிகம். இரண்டு மூன்று விசிறிகள் உடையது சப்தம் குறைந்ததாயினும், உஷ்ணத்தைக் கேபினெட்டுக்குள்ளேயே விடுவதால் காற்றோட்டம் அவசியம்.

● கார்டின் நீளத்தைக் கேபினெட்டுடன் ஒப்பிட்டு அளந்துகொள்க. மதர்போர்டு ஸ்லாட் தரக்கூடியது 75 வாட் மாத்திரமே. 8 முனை இணைப்பு 150 வாட் தரும். எனவே எஸ்எம்பிஎஸ் மின்வழங்கியின் சக்தியையும் இணைப்புகளையும் முன்னரே பரிசீலிக்க.

● சீரியல் எண் குறித்த ஜிஎஸ்டி ரசீதைப் பெற்று, வாரண்டியின் காலத்தையும், சர்வீஸ் நிலையம் பெங்களூரிலேயே உள்ளதா என்பதையும் விசாரித்தறிந்த பின்னரே பணத்தைக் கொடுக்க.