தலைக்கட்டும் பாடும்

சென்னையிலிருந்து புறப்பட்டுப் புழல் ஆதிநாதரை வணங்கிவிட்டு வடக்கே செல்லும் அன்பர்கள், பொன்னேரி சென்று அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பழவேற்காடு ஏரிக்கரையை அடையலாம். சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் கிடக்கிறது. தென்கோடி மட்டுமே தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அதன் கரையோரச் சிற்றூர்களுள் ஒன்று தோணிரேவு. தோணிகள் ஒதுங்கும் துறை என்பது அப்பெயரின் பொருள். ‘ரேவு’ தெலுங்குச் சொல். இருமொழியும் கலந்து புழங்கும் கரை அது என்பதற்கு ஊர்ப்பெயரே சான்று.

மீன்பிடித்தல் நாம் ஏற்றுள்ள அகிம்சை அணுவிரதத்துக்கு ஒவ்வாத தொழிலாயிற்றே, அதைப் பற்றிய கட்டுரை நம் இதழில் எதற்கு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நாம் ஈண்டு ஆராய்வது தொழிலை அன்று. தொழில் செய்யும் குடும்பங்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட ஆட்சிமுறையை மட்டுமே. ஊதியம் பெறாத பொறுப்பாளர்கள், குடும்பங்களையே உறுப்பாகக் கொண்ட ஒரு சங்கத்தை எவ்வாறு நடத்துகிறார்கள், எதிர்காலத்துக்கு எவ்வாறு திட்டமிடுகிறார்கள், எவ்விடத்தில் தவறுகிறார்கள் என்பன நம் ஊர்ச் சங்கங்களுக்கும், ஆலயக் குழுக்களுக்கும், கல்வி உதவி நிதிக் குழுக்களுக்கும் உரிய வினாக்கள். அவற்றுக்குப் பழவேற்காட்டுக் கரையில் பழமையான விடையொன்று கிடைக்கிறது. அதில் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு.

‘பாடு’ என்ற சொல்லுக்கு உழைப்பு, துன்பம் என்றே நாம் பொருள் கொள்கிறோம். கடற்கரையார் ‘மீன்பாடு’ என்பது கிடைத்த மீனை. பழவேற்காட்டிலோ, வலை கட்டும் இடத்தையும் அவ்விடத்தில் வலை கட்ட ஒருவருக்கு வரும் முறையையும் சேர்த்துப் பாடு என்று வழங்குகின்றனர். இறால் கடலில் பிறந்து, முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும் இயல்புடையது. நீர் வற்றும் வேளையில் ஓட்டத்துக்கு எதிரே கம்புகளை ஊன்றி வலை கட்டினால் அது வந்து சேரும். ஆனால் ஓட்டம் வலுவாயுள்ள இடங்கள் சிலவே. வலை கட்ட விழைவோர் பலர். முன்னே கட்டிய வலையைக் கடந்து பின்னே இருப்பவனுக்கு வருவது மிச்சம் மீதிதான். ஒழுங்கு ஒன்று இல்லாவிடில் நாள்தோறும் கைகலப்பே நிகழும்.

ஆகவே கோட்டைக்குப்பம் முதலிய பட்டினவர் ஊர்களில், நல்ல இடங்களைப் பெயரிட்டு வரையறுத்து, ஊர்களுக்குள் முறை வகுத்து, ஊருக்குள்ளும் குழுக்களாகப் பிரிந்து, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் வழக்கம் ஏற்பட்டது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம் வரும். முறை தவறியவருக்கு ஊர் தண்டம் விதிக்கும். இவ்வழக்கத்தை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்காகச் செபாஸ்டியன் மாத்யூ என்னும் ஆய்வாளர் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1991ஆம் ஆண்டு வெளியாயிற்று. அரசு ஆணை எதுவும் இன்றி, எழுத்தறிவு குறைந்திருந்த மக்கள், சம்பளம் வாங்கும் அலுவலர் ஒருவரும் இல்லாமல் நடத்திவந்த ஏற்பாடு இது என்பதை நாம் கருத வேண்டும்.

இத்தகைய ஏற்பாடு பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று. துருக்கி நாட்டின் அலன்யா என்னும் கடற்கரை ஊரில் 1970களின் தொடக்கத்தில் மீனவர்களிடையே இடத்துக்காகப் பெரும் பூசல் நிலவிற்று. ஏறக்குறைய நூறு மீனவர்கள் கொண்ட அவ்வூரார், பல ஆண்டுகள் முயன்று, தவறித் திருத்தி, ஒரு முறையைக் கண்டனர். ஆண்டுதோறும் செப்டம்பரில் தகுதியுடையோர் பட்டியலும் இடங்களின் பட்டியலும் எழுதப்படும். சீட்டுப் போட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படும். செப்டம்பர் முதல் சனவரி வரை ஒவ்வொருவரும் நாள்தோறும் கிழக்கே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். சனவரிக்குப் பின் மேற்கே நகர வேண்டும். மீன்கூட்டம் இடம்பெயரும் போக்கை அறிந்து செய்த ஏற்பாடு இது. தன் முறைக்குரிய நல்ல இடத்தில் பிறர் வந்து நின்றால், அதைக் காண்பவனும் தட்டிக் கேட்பவனும் அன்றைய உரிமையாளனே. தனியே காவல் வைக்க வேண்டிய செலவில்லை. இவ்வூரின் கதையைத் தம் 1990ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டிய எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையாருக்குப் பொருளியல் நோபல் பரிசு 2009இல் வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

சீட்டுக் குலுக்குதல் என்றதும் நம் நாட்டார்க்கு உத்தரமேரூர் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். முன் மூன்றாண்டுகளில் வாரியப் பணி செய்தவர் மறுபடியும் நிற்கலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் நிற்கலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கலாகாது. உறவினரையும் சேர்த்து விலக்கியது கடுமையாகத் தோன்றலாம். தந்தை காட்டாத கணக்கை மகன் பொறுப்பேற்று மறைத்துவிடும் வழியை அடைத்தார்கள் என்பதே நம் எண்ணம். நம் சங்கங்கள் சிலவற்றின் கணக்கு நோட்டுகள் ஒரே வீட்டுப் பெட்டியில் இரண்டு தலைமுறையாக உறங்குவதைக் கண்டவர்களுக்கு அக்கடுமை புரியும். ஆனால் நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அக்குடத்தில் இடம் என்பதையும் மறத்தலாகாது. குடம் நேர்மையாகக் குலுங்கிற்று. குடத்துக்குள் யாருடைய ஓலை விழும் என்பது முன்பே முடிவாகியிருந்தது.

பழவேற்காட்டிலும் குறை இவ்விடத்தில்தான். பாட்டு உரிமை பிறப்பையும் ஊரையும் பற்றி வருவது. ஏரியை நம்பி வாழும் பிற வகுப்பாருக்கு அந்த நல்ல இடங்களில் உரிமை இல்லை. கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் போன்றோர் கரையோர ஆழமற்ற நீரோடு நின்றனர். 1970களுக்குப் பின் இறால் ஏற்றுமதியால் விலை ஏறியபொழுது, விலக்கப்பட்டவர்கள் எமக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டதில் வியப்பில்லை. பூசல்கள் எழுந்தன.

இன்னொரு குறை திட்டமிடுதலைப் பற்றியது. முறைவைப்பு என்பது இருப்பதைப் பங்கிடும், இல்லாததை உண்டாக்காது. மூன்று குழுக்கள் இருந்தால் மூன்றாம் நாள் முறை வரும். குடும்பங்கள் பெருகிக் குழுக்கள் ஆறானால் ஆறாம் நாள்தான் வரும். இடையிலுள்ள ஐந்து நாளும் அடுப்பெரிய வேறு வழி வேண்டும். அதற்கிடையே முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைபடுகிறது. அடைபட்டால் கடல்நீர் வரத்துக் குறைந்து, இறாலின் போக்குவரத்தும் குறைகிறது. முறையை எத்துணை நேர்மையாகக் காத்தாலும், பங்கிடப்படும் பொருள் சுருங்குவதை அம்முறை தடுக்கவியலாது. ஊதியமின்றிப் பணிசெய்யும் குழுக்கள் பலவும் இவ்வாண்டு யாருக்கு முறை என்பதில் காட்டும் கவனத்தை, பத்தாண்டு கழித்து என்ன இருக்கும் என்பதில் காட்டுவதில்லை. அன்றாடப் பூசலைத் தீர்ப்பதிலேயே அவர்களுடைய மாலைப்பொழுது கழிந்துவிடுகிறது. இதில் அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

இனி, நாம் முதன்மையாகக் கூற வந்ததற்கு வருவோம். தமிழகக் கடற்கரை ஊர்களின் பஞ்சாயத்துகள் குடும்பங்களை எண்ணும் அளவு ‘தலைக்கட்டு’. பொதுவாகத் திருமணமான ஆடவர் ஒருவர் ஒரு தலைக்கட்டு. ஊர் வரியும் கோயில் திருவிழா வரியும் தலைக்கட்டுக் கணக்கில்தான் வசூலாகும். வரி செலுத்துவோர்க்கே கூட்டத்தில் பேச்சு. ஊருக்கு வரும் நன்மையில் பங்கும் அவர்களுக்கே. கணவனை இழந்த பெண்ணின் இல்லத்துக்குப் பல ஊர்களில் வரி கேட்பதில்லை. இரக்கத்தால் விளைந்த வழக்கம் அது. ஆனால் வரி இல்லாத வீடு பட்டியலில் இல்லாத வீடாகிவிடுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபொழுது இதன் விளைவு வெளிப்பட்டது. ஊர்ப் பஞ்சாயத்துகள் விரைந்து செயற்பட்டன. பிணங்களை எடுத்தன, முகாம்களை நடத்தின, வந்த உதவியை ஒழுங்காகப் பகிர்ந்தன. அரசும் தொண்டு நிறுவனங்களும் அவர்களின் பட்டியலையே நம்பின. அப்பட்டியல் தலைக்கட்டுப் பட்டியலாதலால், பெண்கள் தலைமை தாங்கும் இல்லங்களும், அவ்வூர்களில் வாழ்ந்த பிற வகுப்பாரும் பல இடங்களில் விடுபட்டனர். பங்கிட்டவர்கள் திருடர்கள் அல்லர். கையிலிருந்த பட்டியலின்படி நேர்மையாகவே பங்கிட்டார்கள்.

இதை எழுதும்பொழுது நாம் அறிந்த ஒரு சங்கத்தில் நிகழ்ந்தது நினைவுக்கு வருகிறது. ஊர்ப்பெயர் வேண்டா. கணவரை இழந்த அம்மையார் ஒருவரிடம் ஆண்டுச் சந்தா கேட்பது பண்பாகாது என்று அன்றைய செயலாளர் விட்டுவிட்டார். சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் பொறுப்பேற்றார். மூன்றாண்டுச் சந்தா நிலுவையுள்ளோர் பெயர்களை விதிப்படி நீக்கும் தீர்மானம் பொதுக்குழுவில் வந்தது. பட்டியல் வேகமாக வாசிக்கப்பட்டது. யாவரும் கை உயர்த்தினோம். நாமும் உயர்த்தினோம். அடுத்த ஆனி மாதம் அந்த அம்மையாரின் மகன் கல்வி உதவிக்கு மனுச் செய்தபொழுது, ‘உறுப்பினர் குடும்பம் அன்று’ என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பப்பட்டது. யாரும் தீமை நினைக்கவில்லை. முதல் செயலாளர் இரங்கினார், இரண்டாமவர் விதியைக் காத்தார். அந்தப் பிள்ளை அவ்வாண்டு கல்லூரியில் சேரவில்லை. பிழை தெரிந்தபின் சங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது; ஓராண்டு கழிந்திருந்தது.

நம் ஆகமம் கூறும் நால்வகைச் சங்கத்தில் முனிவரும் ஆரியாங்கனையரும் சிராவகரும் சிராவகியரும் தனித்தனி அங்கங்கள். சிராவகி என்பவள் சிராவகரின் கணக்கில் அடங்கியவள் என்று அங்கே சொல்லப்படவில்லை. நம் பதிவேடுகளிலோ ‘குடும்பத் தலைவர் பெயர்’ என்று ஒரே கட்டம்தான் இருக்கிறது. அக்கட்டம் தலைக்கட்டினின்றும் எவ்வகையில் வேறுபட்டது?

சட்டமும் இதில் நமக்குத் தடையாக இல்லை. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் உறுப்பினர் பதிவேடு வைக்கவும், ஆண்டுப் பொதுக்குழு கூட்டவும், கணக்கு வைக்கவும் கட்டளையிடுகிறது. செயற்குழுவில் மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. உறுப்பினர் ஆடவராகவோ குடும்பத் தலைவராகவோ இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் எங்கும் கூறவில்லை. அக்கட்டத்தை வரைந்தவர்கள் நாமே.

பழவேற்காட்டாரின் சீட்டும், அலன்யாவாரின் எழுதிவைத்த பட்டியலும், உத்தரமேரூராரின் கணக்குக் கண்டிப்பும் நம் சங்கங்கள் எடுத்துக்கொள்ளத் தக்கவையே. விழாப் பொறுப்பு, அன்னதானப் பொறுப்பு, நிதிக்குழுப் பொறுப்பு ஆகியவற்றுக்கு ஆள் கிடைக்காமலும், கிடைத்த ஆள் விடாமலும் அல்லற்படும் ஊர்களில் சீட்டு முறையை ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். ஆயினும் குடத்தைக் குலுக்குமுன் ஓலைகளை எண்ண வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆடவர், பெண்டிர் இருவர் பெயரும் தனித்தனியே எழுதப்படட்டும். சந்தா தள்ளுபடி பெற்றோர்க்குத் ‘தள்ளுபடி’ என்றே எழுதப்படட்டும். ‘நிலுவை’ என்று எழுதப்பட வேண்டா. சென்னைக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்து சென்றோர், திருமணமாகி வேற்றூர் சென்ற மகளிர் ஆகியோரின் நிலை என்ன என்பதைப் பொதுக்குழு தெளிவாகத் தீர்மானிக்கட்டும். பட்டியல் பொதுக்குழுவுக்குப் பதினைந்து நாள் முன்னதாக ஆலய மண்டபத்தில், சிறுவர்க்கும் எட்டும் உயரத்தில் ஒட்டப்படட்டும். விடுபட்டவர் பெயரை எழுத அதன் அடியில் வெற்றிடமும் நூலில் கட்டிய பென்சிலும் இருக்கட்டும். நீக்கப்படும் பெயர்களைக் கூட்டத்தில் ஒருவர் நிறுத்தி நிறுத்தி வாசிக்கட்டும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும், அவ்வீட்டுக்குச் சென்று வந்தவர் யார் என்று கேட்கப்படட்டும்.