பெட் நகர்ந்தாலும் டூல் நகர்வதாக நினை

அன்புள்ள கண்ணுவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். 3018 சிஎன்சி மெஷினைத் தனி ஆளாகப் பூட்டி முடித்துவிட்டாய். ஒயர்களைக்கூட அழகாகக் கட்டியிருக்கிறாய். 'ஒய் பிளஸ் அழுத்தினால் பெட் என்னைப் பார்த்து வருகிறது, தலைகீழாக ஓடுகிறது, எந்த ஒயரை மாற்றணும்?' என்று கேட்டிருந்தாய். எதையும் மாற்றாதே. ஒய் அச்சு சரியாகத்தான் ஓடுகிறது. காரணத்தைப் போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவின் தையல் மெஷினைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பார். ஊசி இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. துணிதான் அம்மாவை விட்டு விலகி அந்தப் பக்கம் போகிறது. ஆனால் துணியின் மேல் தையல் எந்தப் பக்கமாக வளர்கிறது? அம்மாவை நோக்கி. துணிமேல் ஓர் எறும்பு உட்கார்ந்திருந்தால், ஊசிதான் அம்மா பக்கமாக நடந்து வருகிறது என்றே அது நினைக்கும். சிஎன்சிக்கு நிரல் எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்த எறும்பின் கண்ணால்தான் பார்க்கிறார்கள். ஜாப், அதாவது வெட்டப்படும் பொருள், அசையாமல் கிடக்கிறது, டூல் அதன்மேல் நகர்கிறது. ஐஎஸ்ஓ 841 என்ற பன்னாட்டுத் தரமும் இதையே விதியாக வைத்திருக்கிறது. பெட் நகரும் மெஷினோ, பெட் நிலையாக நின்று மேல்பாலம் நகரும் மெஷினோ, ஒரே நிரல் இரண்டிலும் ஒரே உருவத்தை வெட்ட வேண்டுமானால் இப்படி ஒரு பொது விதி இல்லாமல் முடியாது.

உன் மெஷினில் எக்ஸ் நகர்வில், டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் இடம் வலமாகப் போகிறது. இசட்டில் அதுவே ஏறி இறங்குகிறது. ஒய்யில் மட்டும் ஸ்பிண்டிலால் நகர முடியாது, பெட் நகர்கிறது. 'ஒய் பிளஸ்' என்றால் டூல் உன்னை விட்டு விலகிப் பின்பக்கம் போக வேண்டும். டூல் நின்ற இடத்தில் நிற்பதால் பெட் உன் பக்கம் வருகிறது. பெட்டின் மேல் ஒரு பேனா கோடு போட்டுக்கொண்டிருந்தால், கோடு பின்பக்கமாகத்தான் நீளும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் அல்ல. 19 வயதில் ஒரு பட்டறையில் விஎம்சி என்ற சிஎன்சி மில்லிங் மெஷினில் உதவியாளாக இருந்தேன். அதில் எக்ஸ், ஒய் இரண்டுமே டேபிளின் நகர்வு. டூலை, ஜாப்பைப் பிடித்திருக்கும் வைஸிலிருந்து விலக்கு என்றார் ஆபரேட்டர் அண்ணன். நான் டூலைப் பார்க்காமல் டேபிளைப் பார்த்தேன். டேபிள் போக வேண்டிய பக்கத்தை மனதில் வைத்துப் பட்டனை அழுத்தினேன். டூல் நேராக வைஸின் தாடையில் போய் மோதி முறிந்தது. கார்பைட் துண்டு ஒன்று என் காதோரமாகப் பறந்தது. அண்ணன் திட்டவில்லை. என் வலது கையைப் பிடித்து டேபிள்மேல் மல்லாக்க வைத்து, விரல்களை விரித்துக் காட்டினார்.

நீயும் வைத்துப் பார். மெஷினுக்கு முன்னால் நின்று, வலது கையின் பின்புறம் பெட்டில் படும்படி வை. கட்டைவிரல் வலப்பக்கம் நீளட்டும்: அது எக்ஸ் பிளஸ். ஆள்காட்டி விரல் உன்னை விட்டு விலகி நீளட்டும்: ஒய் பிளஸ். நடுவிரலை மேலே மடக்கு: இசட் பிளஸ். பள்ளியில் பிளெமிங்கின் இடக்கை விதிக்காக இதே மூன்று விரல்களை நீட்டியிருப்பாய்; அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே, இங்கே வலது கைதான். மூன்றில் இசட்டை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். இசட் பிளஸ் என்றால் டூல் ஜாப்பை விட்டு விலகுகிறது. எக்ஸோ ஒய்யோ தலைகீழானால் ஒரு பலகை வீணாகும். இசட் தலைகீழானால், டூலைத் தூக்குவதாக நினைத்து நீயே அதைப் பலகைக்குள் இறக்குவாய்.

இனி, மற்ற அச்சும் சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை. டூலைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டில் ஓடாமல், அச்சுகள் எல்லாம் நடுவில் இருக்கும்போது செய். ஸ்பிண்டில் அருகே ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கட்டி, பெட்டில் காகிதம் ஒட்டு. 'ட' எழுத்தை வரையச் சொல். மேலிருந்து ஒய் மைனஸில் 40 மில்லிமீட்டர், அங்கிருந்து எக்ஸ் பிளஸில் 20. 'ப' வேண்டாம். அது இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதால் எக்ஸ் தலைகீழாக இருந்தாலும் காட்டிக்கொடுக்காது. 'ட'விலும் இரண்டு கோடும் ஒரே நீளமாக இருக்கக் கூடாது. எக்ஸ், ஒய் மோட்டார்களின் கனெக்டரை மாற்றிச் செருகியிருந்தால் அந்தத் தவறு ஒளிந்துகொள்ளும். 40க்கு 20 என்று வைத்தால், மாற்றிச் செருகியிருக்கும்போது எழுத்து குட்டையாகப் படுத்திருக்கும், உடனே தெரிந்துவிடும்.

ஓர் அச்சு மட்டும் தலைகீழ் என்றால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒரு 'ட' கிடைக்கும். காகிதத்தை எப்படிச் சுற்றினாலும் அது நெட்டையான 'ட' ஆகாது. இரண்டு அச்சும் தலைகீழ் என்றால் எழுத்து தலைகீழாக நிற்கும், காகிதத்தைத் திருப்பினால் சரியாகிவிடும். மெஷினின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பதும் அதேதான். ஆகவே நிற்கும் இடத்தால் கண்ணாடி உருவம் வரவே வராது. அது வந்தால் ஏதோ ஓர் அச்சில் உண்மையான தவறு இருக்கிறது. சிலர் அந்த நேரத்தில் டிசைனையே கண்ணாடி உருவமாக்கி ஓட்டிவிடுகிறார்கள். அது தவறு. மெஷினின் நோயை மெஷினில்தான் தீர்க்க வேண்டும். டூலின் பல் வெட்டும் திசையும் ஜாப் நகரும் திசையும் ஒன்றாக இருக்கும் கிளைம்ப் மில்லிங் என்று கணக்குப் போட்டு நிரல் உருவத்தை ஒரு பக்கமாகச் சுற்றும். உருவம் புரண்டால் சுற்றும் பக்கமும் புரளும், ஆனால் ஸ்பிண்டில் பழைய பக்கமே சுழலும். வெட்டும் முறையே மாறிப்போய் விளிம்பு கெடும்.

அப்படி ஓர் அச்சு தவறாக இருந்தால் திருத்த இரண்டு வழி. ஸ்டெப்பர் மோட்டாரில் நாலு ஒயர், இரண்டு காயில். ஒரு காயிலின் இரண்டு ஒயரை மட்டும் இடம் மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இரண்டு காயிலிலும் மாற்றினால் பழையபடியே சுற்றும். பவரை அணைக்காமல் மோட்டார் ஒயரைப் பிடுங்கினால் டிரைவர் கருகிவிடக்கூடும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. உன் போர்டில் இருக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் $3 என்ற அமைப்பு உண்டு. எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, இசட்டுக்கு 4. $$ என்று அனுப்பி இப்போதுள்ள எண்ணைப் பார்த்து முதலில் நோட்டில் எழுதி வை. அதில் 5 இருந்தால் எக்ஸும் இசட்டும் ஏற்கெனவே திருப்பப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். ஒய்யையும் திருப்ப வேண்டுமானால் 7, எக்ஸை மட்டும் பழைய பக்கத்துக்கே கொண்டுவர 4.

லிமிட் ஸ்விட்ச் போட்ட பிறகு $23 என்ற இன்னொரு அமைப்பு வரும். அது ஹோமிங்கில், அதாவது மெஷின் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கும்போது, எந்த மூலையைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கு மட்டும். அச்சின் திசையை அது மாற்றாது. ஹோமிங் தப்பான பக்கம் போகிறதே என்று $3ஐத் தொட்டால் சரியாக இருந்ததும் கெடும். எப்போதும் $3 முதலில், 'ட' சரியாக வந்த பிறகு $23. ஹோம் ஆனதும் எண்கள் மைனஸில் தெரிந்தால் பயப்படாதே. ஜிஆர்பிஎல் வலப்பக்கப் பின்மூலையையும் உச்சியையும் மெஷினின் ஜீரோவாக வைத்துக்கொள்வதால், மற்ற இடமெல்லாம் அதற்கு மைனஸ்தான். வேலைக்கான ஜீரோவை ஜாப்பின் முன்பக்க இடது மூலையில், பலகையின் மேல்மட்டத்தில் நீ தனியாக எடுத்துக்கொள்வாய். அங்கிருந்து பார்த்தால் எக்ஸ், ஒய் எல்லாம் பிளஸ், வெட்டும் ஆழம் மட்டும் மைனஸ்.

அந்த வீடியோவில் கண்ணாடி போடாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். டூல் மாட்டுவதற்கு முன் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிவிடு, பணம் மாமா அனுப்புகிறேன். 'ட' வரைந்த காகிதம் எப்படி வந்தாலும் சரி, படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மாமா