கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள்

பாம்புக்கடி, மின்சாரம் தாக்குதல், விஷம், தற்கொலை, சந்தேகத்துக்கிடமான திடீர் மரணம் ஆகியவற்றில் போலீஸ் விசாரணை கட்டாயம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு இதற்கானது. 2024 ஜூலை 1ஆம் தேதிக்கு முன், பழைய சட்டத்தில், இது 174ஆம் பிரிவாக இருந்தது. இன்றும் பலர் '174 கேஸ்' என்றே சொல்கிறார்கள். கேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டார் மேலேயே பழி விழுந்துவிட்டதாகப் பதற வேண்டாம். எப்படி இறந்தார் என்று கண்டறிவதுதான் இதன் வேலை.

முதலில் நீங்கள் கொடுக்கும் புகார்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. துக்கத்தில் இருக்கும்போது, 'நாங்களே எழுதிக்கொள்கிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்' என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். நிதானமாக இருக்கும் உறவினர் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் போடுங்கள். 'தீராத வயிற்றுவலியால்' என்று வழக்கமான வரி ஒன்று நுழைந்திருக்கும்; இறந்தவருக்கு வயிற்றுவலியே இருந்திருக்காது. சந்தேகம் இருந்தால் இருக்கிறது என்றும், தெரியாவிட்டால் தெரியாது என்றும் எழுதச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம்.

அடுத்தது பிரேத விசாரணை (உடலில் உள்ள காயங்களையும் இறந்த விதத்தையும் ஊரார் முன்னிலையில் குறித்தல்). திருமணமாகி ஏழாண்டுக்குள் ஒரு பெண் தற்கொலையாலோ சந்தேகத்துக்கிடமான முறையிலோ இறந்தால் கோட்டாட்சியரும் விசாரிப்பார். அவரிடம் பெண்ணின் பெற்றோர் தனியே பேசலாம்.

உடற்கூறாய்வு (இறப்பின் காரணமறிய உடலைத் திறந்து ஆராய்தல்) என்றால் பலருக்கும் அச்சம். முகத்தைச் சிதைப்பதில்லை, தலையில் கீறல் முடிக்குள் போடப்படும், பிறகு தைத்துத்தான் தருவார்கள். விஷச் சந்தேகம் இருந்தால் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளை உப்புக் கரைசலில் இட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அந்த முடிவு வரும்வரை டாக்டர் இறுதிக் கருத்தை நிறுத்திவைப்பார். எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று அதற்குப் பொருளில்லை. ஆய்வக முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம்.

அரசு மருத்துவமனையில் உடற்கூறாய்வுக்குக் கட்டணம் கிடையாது. மார்ச்சுவரி வாசலில் 'சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்று வருபவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

குறுக்கு வழி காட்டுபவர்கள் ஊருக்குள்ளும் உண்டு. 'மாரடைப்பு என்று சான்று வாங்கி இரவோடு இரவாக எரித்துவிடலாம்' என்பார்கள். செய்யாதீர்கள். பிற்பாடு சந்தேகம் எழுந்தால் உடலும் இருக்காது, விபத்துக் காப்பீடு கேட்கும் உடற்கூறாய்வு அறிக்கையும் இருக்காது. மானத்துக்குப் பயந்து இறந்தவர் எழுதிவைத்த கடிதத்தைக் கிழிப்பது, செல்போனிலிருந்து செய்திகளை அழிப்பது, உடைகளைத் துவைப்பது எல்லாம் தடயத்தை அழித்தல்தான். சந்தேகம் வீட்டார் பக்கமே திரும்பும். சந்தேகம் தீராத நிலையில் தகனத்தைவிட அடக்கம் நல்லது, மறு ஆய்வுக்கு வாய்ப்பிருக்கும்.

உடல் கைக்கு வந்த பிறகும் கேஸ் நடக்கும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்குப் போலீஸ் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டால் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச உதவி உண்டு.

ஒரு சின்ன விஷயம், ஆனால் வாரிசுகளை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். ஆதாரில் 'முத்துலெட்சுமி', போலீஸ் தாளில் 'முத்துலட்சுமி' என்றிருந்தால் காப்பீடு, வாரிசுச் சான்று எல்லாம் நின்றுபோகும். ஸ்டேஷனுக்குப் போகும்போதே ஆதார் நகலை எடுத்துச் சென்று, பெயர், தந்தை பெயர், வயது மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இறப்புப் பதிவை 21 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.