பொதுக் கணிப்பொறிகளும் பயன்பாட்டுக் கட்டுப்பாடும்

ஹைதராபாத் மெட்ரோவின் முதற்பகுதி 2017 நவம்பரில் திறக்கப்பட்டபோது மெட்டுகுடா நிலையமும் பயன்பாட்டிற்கு வந்தது. இத்தகைய நிலையங்களில் திரையைத் தொட்டுப் பயணச்சீட்டு பெறுவோர், தாம் கையாள்வது ஒரு கணிப்பொறி என்று எண்ணுவதில்லை. எண்ணாதபடி அது பூட்டப்பட்டிருப்பதே காரணம். பயணச்சீட்டு தவிர வேறெதையும் அதனிடம் கேட்க இயலாது.

பலர் பயன்படுத்தும் கணிப்பொறிக்குக் கட்டுப்பாடு ஏன்? சொந்தக் கணிப்பொறியைக் கெடுத்துக்கொள்பவர் அதற்கான செலவைத் தாமே ஏற்கிறார். நூலகத்திலோ இணைய மையத்திலோ ஒருவர் செய்யும் மாற்றத்தின் செலவோ, அடுத்து வந்து அமர்பவர் தலையில் விழுகிறது. பொருளாதார மாணவர்க்கு இது புறவிளைவு என்ற பெயரில் பழக்கமான செய்தியே.

இதற்கான முறைகள் பல அடுக்குகளாக அமைந்துள்ளன. முதலாவதாக, பயன்படுத்துவோருக்கு நிர்வாகியின் உரிமை அளிக்கப்படுவதில்லை. எனவே புதிய மென்பொருளை நிறுவவோ அமைப்புகளை மாற்றவோ அவரால் முடியாது. அடுத்து, குறித்த ஒரு செயலி மட்டும் திரை முழுவதையும் நிரப்புமாறு செய்து, அதிலிருந்து வெளியேறும் விசைச் சேர்க்கைகளும் முடக்கப்படுகின்றன. வெளியிலிருந்து கொண்டுவரும் நினைவகக் கருவியின் வழியே கணிப்பொறியை இயக்கிவிட்டால் இவையனைத்தும் பயனற்றுப் போகும். ஆகவே இயக்கத் தொடக்க அமைப்புக்கும் கடவுச்சொல் இடுவது இன்றியமையாதது. நடைமுறையில் பெரிதும் மறக்கப்படுவதும் இதுவே.

இவற்றினும் சிறந்ததொரு முறை உண்டு. பயன்படுத்துவோரைப் பெரிதும் தடுக்காமல் விட்டு, கணிப்பொறியை மீண்டும் தொடங்கும்போது செய்த மாற்றங்கள் யாவும் அழிந்து பழைய நிலை திரும்புமாறு செய்வதே அது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007-இல் வெளியிட்டு 2010 இறுதியில் நிறுத்திய ஸ்டெடிஸ்டேட் என்ற மென்பொருளில் இவ்வசதி இருந்தது. இம்முறை இயந்திரத்தைக் காப்பதுடன், முன்னவர் விட்டுச்சென்ற கடிதத்தையும் வங்கி விவரத்தையும் பின்னவர் காணாதபடி காக்கிறது. ஆனால் ஒவ்வொருவர் எழுந்து சென்ற பின்னும் மறுதொடக்கம் நிகழ வேண்டும். இரவில் ஒருமுறை மட்டும் செய்தால் இரண்டாவது பயன் கிட்டாது.

மத்திய அரசு 2011-இல் வகுத்த இணைய மைய விதிகள் வேறு வழியில் சென்றன. வருவோரின் அடையாளத்தைப் பதிந்து, அப்பதிவேட்டை ஓராண்டேனும் பாதுகாக்க வேண்டும். தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. தடுப்பற்ற இடங்களில் திரை வெளிப்புறம் நோக்கியிருக்க வேண்டும். குற்றத் தடுப்புக்கு இவை உதவலாம். எனினும் வெளிநோக்கிய திரையில் வங்கிக் கணக்கைத் திறப்பவருக்கு இதனால் பாதுகாப்பு கூடியதாகக் கொள்வதற்கில்லை.

ஹைதராபாத்தில் 2001-இல் தொடங்கப்பட்ட ஈ-சேவா மையங்களில் பொதுமக்கள் விசைப்பலகையைத் தொட வேண்டியிருக்கவில்லை. முகப்பில் அமர்ந்த பணியாளரே இயக்கினார். எழுத்தறியாதோர்க்கும் கட்டணம் செலுத்தும் வாய்ப்பு இதனால் கிட்டியது. தம் விவரங்களை மற்றொருவரிடம் ஒப்படைப்பதே அதற்கான விலை. 1999-இல் சுகத மித்ரா தில்லி கால்காஜியில் சுவரில் பதித்த கணிப்பொறி இதற்கு நேர்மாறானது. அங்கு விசைப்பலகை இல்லை, ஆசிரியரும் இல்லை. திரையும் சுட்டும் வசதியும் மட்டுமே சிறுவர்க்கு எட்டின. அவற்றைக் கொண்டே அவர்கள் தாமாக இயக்கக் கற்றனர். எதைப் பூட்டுவது என்று தேர்ந்து பூட்டினால் கற்பதற்குத் தடை நேராது என்பதை இது காட்டுகிறது.

மென்பொருட் பூட்டு தடுக்க இயலாத அபாயம் ஒன்று எஞ்சுகிறது. விசைப்பலகைக் கம்பிக்கும் கணிப்பொறிக்கும் இடையே செருகப்படும் விரலளவுக் கருவி, தட்டும் எழுத்துகள் அனைத்தையும் பதிந்துகொள்ளும். கணிப்பொறியின் பின்புறத்தைப் பூட்டிய பெட்டிக்குள் வைப்பதும், நாள்தோறும் மையத்தைத் திறக்குமுன் பணியாளர் இணைப்புகளைக் கண்ணால் பார்ப்பதுமே இதற்குரிய ஏற்பாடு. கணிப்பொறிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலகங்கள் பெட்டியின் செலவையும் மதிப்பீட்டில் சேர்ப்பது நலம்.